காட்சித் தொடர்ச்சியும் துறை மரபும்
(நம் மாணவர் எடுத்த ஒரு குறும்படம் பற்றிய திறனாய்வு)

தமிழ் வழங்கும் நிலத்திற்கு வேங்கடத்தை வட எல்லையாகக் குறித்தது தொல்காப்பியப் பாயிரம். அவ்வேங்கடத்தின் அடியிலும் அயலிலும் வாழும் நாம், எல்லை என்னும் சொல்லை எளிதில் கடந்துபோக இயலாதவர்கள். 1911ஆம் ஆண்டு உருவான சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தின் உறுப்பாக இருந்தது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாளன்று அதனின்று திருத்தணிப் பகுதி பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நம்முள் சிலர் தொழிலும் பணியும் நாடிப் பெயர்ந்து வந்தவர்கள். வேறு சிலரோ இருந்த இடத்திலேயே இருக்க, கோடு மட்டும் பெயரக் கண்டவர்கள். இவ்விரு சாராரின் பிள்ளைகளும் இன்று கல்லூரியில் ஒருங்கே பயில்கின்றனர். அவர்களுள் சிலர் கூடி எடுத்த பதினெட்டு நிமிடக் குறும்படம் ஒன்றை அண்மையில் நம் குடும்பங்கள் அனைத்தும் அமர்ந்து கண்டோம். அப்படத்தின் நிறைகுறைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்தவர்கள் இளைஞர்கள், கற்றுக்கொண்டிருப்பவர்கள். ஆதலின் படத்தின் பெயரையோ அவர்தம் பெயரையோ ஈண்டுக் குறிப்பிடவில்லை.

கதை சிறிது. சித்தூரில் வாழும் ஒரு முதியவர். அவருடைய பேரன் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட இருக்கிறான். குழந்தைப் பருவத்தில் அவன் நோயுற்றபோது, பிழைத்தால் திருமலையில் முடி காணிக்கை தருவதாகத் தாத்தா நேர்ந்துகொண்டிருந்தார். அவ்வேண்டுதலை நிறைவேற்ற இருவரும் பேருந்தில் திருப்பதிக்குச் செல்கின்றனர். பேரனோ, கடவுச்சீட்டில் உள்ள படத்திற்கும் தன் முகத்திற்கும் வேறுபாடு வந்துவிடும் என்று தயங்குகிறான். முடிவில் அவனுக்காக நேர்ந்த காணிக்கையைத் தாத்தா தம் தலைமுடியாகவே செலுத்திவிட்டுத் திரும்புகிறார். இதில் பிரிவு உண்டு, நகை உண்டு, கடன் தீர்த்தலும் உண்டு. ஒரு சிறுகதைக்குரிய கரு இஃது என்பதில் ஐயமில்லை.

தொடர்ச்சி என்பது யாது?

திரைப்படம் கதை நிகழும் வரிசையில் எடுக்கப்படுவதன்று. காலையில் இறுதிக் காட்சியும் மாலையில் முதற் காட்சியும் எடுக்கப்படலாம். அவற்றை ஒட்டிப் பார்க்கும்போது ஒரே பொழுதில் ஒரே ஓட்டமாக நடந்ததெனக் காண்போர் நம்பவேண்டும். படப்பிடிப்புக் களத்தில் 'கன்டினியுட்டி' என்று வழங்கப்படும் காட்சித் தொடர்ச்சி இதுவே. சட்டையின் பித்தான், கைக்கடிகாரம், பை தொங்கும் தோள், நிழல் விழும் பக்கம் ஆகியவற்றையெல்லாம் உதவி இயக்குநர் ஒருவர் குறிப்பேட்டில் எழுதிவைப்பது வழக்கம். இன்று அக்குறிப்பேட்டின் வேலையில் பாதியைக் கைப்பேசிப் படமே செய்துவிடுகிறது. ஆயினும் எதைக் குறித்துவைக்க வேண்டும் என்னும் அறிவைக் கருவி தருவதில்லை.

இதன் அருமையை உணர சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' தக்க சான்றாகும். துர்க்காவும் அப்புவும் நாணற்பூ வெளியில் இரயிலைக் காணும் காட்சியோடு 1952ஆம் ஆண்டு படப்பிடிப்பு தொடங்கியது. முதல் நாள் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மறுவாரம் சென்றபோது, பூக்கள் அனைத்தையும் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பருவத்தில் அவை மீண்டும் பூக்கும் வரை ராய் காத்திருந்தார். அப்படத்தில் மிட்டாய் விற்பவராக நடித்தவர் இடையில் இறந்துபட, உடலமைப்பு ஒத்த வேறொருவரைக் கொண்டு, முகம் தெரியாதவாறு எஞ்சிய பகுதியை எடுத்து முடித்தார். கையில் பொருளின்றிப் படமெடுத்த ஒருவர் ஓராண்டு காத்திருக்கத் துணிந்தார் எனின், தொடர்ச்சி என்பது வெறும் ஒப்பனைக் கணக்கன்று என்பது விளங்கும். காண்பவர் கொண்ட நம்பிக்கையைக் காப்பதே அது.

நம் மாணவர் எடுத்துக்கொண்ட கதையில் இத்தகைய இடர் ஒன்று அடிப்படையிலேயே இருந்தது. தலைமுடி ஒருமுறைதான் மழிக்கப்படும். தாத்தாவாக நடித்த பெரியவர் நம் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர். தமக்கும் ஒரு வேண்டுதல் உண்டு என்று கூறி உண்மையாகவே முடியிறக்கிக்கொண்டார். ஆதலின் அதற்கு முன்னுள்ள காட்சிகள் அனைத்தையும் முதலிலேயே எடுத்துவிட மாணவர் திட்டமிட்டனர். ஆனால் பேருந்தினுள் தாத்தாவும் பேரனும் உரையாடும் பகுதி, பேருந்துக்கு இசைவு கிடைக்காமையால் தள்ளிப்போய், பின்னர் மறந்தும் போயிற்று. நினைவு வந்தபோது பெரியவரின் தலை மொட்டை!

முடி வளரும் வரை காத்திருக்கக் கல்லூரி விடுமுறை இடந்தரவில்லை. எனவே பெரியவரின் தலையில் துண்டைக் கட்டிப் பேருந்துக் காட்சியை எடுத்தனர். முந்திய காட்சியில் அவர் தலையில் துண்டில்லையே என்னும் வினாவுக்கு விடையாக, சாளரத்தின் வழியே வீசும் வெங்காற்றுக்கு அஞ்சிப் பேரனே அத்துண்டை அவர் தலையில் சுற்றிவிடுவதாக ஒரு சிறு காட்சியைச் சேர்த்தனர். அதில் முகங்கள் இல்லை. இரு கைகளும் துண்டும் மட்டுமே. பின்னர்ப் படத்தின் முடிவில், சந்தனம் பூசிய தலையோடு தாத்தா வந்து நிற்கும்போது, அதே துண்டைப் பேரன் விரித்துப் போர்த்துகிறான். மறதியை மறைக்க வந்த துண்டு, சொல்லாத அன்பைச் சொல்லும் பொருளாகிவிட்டது. படத்திலேயே சிறந்த இடம் இதுதான். முடியிறக்கும் காட்சியைக் காட்டாமல் விட்டதும் நன்றே. முன்னும் பின்னும் செவ்வையாக அமைந்தால் நடுவில் நிகழ்ந்ததைக் காண்போர் உள்ளம் தானே நிரப்பிக்கொள்ளும் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கின்றனர்.

குறைகளும் உள. சித்தூரிலிருந்து புறப்பட்ட பேருந்து திரையில் இடமிருந்து வலமாகச் செல்கிறது. அடுத்த காட்சியில், சாலையின் மறுபுறம் நின்று எடுத்தமையால், வலமிருந்து இடமாக வருகிறது. போனவர்கள் ஏன் திரும்பி வருகிறார்கள் என்று நம் அருகில் இருந்த சிறுமி ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டதே சரியான திறனாய்வு. இயங்கும் பொருளுக்கும், எதிரெதிர் நோக்கிப் பேசும் இருவருக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு உண்டு. காமிரா அதன் ஒரு பக்கத்தில் நிற்பதே மரபு. கடப்பதாயின் கடப்பதைக் காட்டிக் கடக்கவேண்டும். மேலும், வேனிலில் எடுத்த படத்தில், பின்னர் மார்கழியில் எடுத்துச் சேர்த்த ஒரு காட்சியில் சாலை மழையில் நனைந்து கிடக்கிறது. வெங்காற்றுக்குத் துண்டு கட்டிய கதையில் ஈரச் சாலை எங்ஙனம் வந்தது?

துறை மரபும் மயக்கமும்

இனி, இப்படம் எத்துறையைச் சார்ந்தது என்னும் வினாவுக்கு வருவோம். நகைச்சுவைப் படம், துப்பறியும் படம், பக்திப் படம், குடும்பப் படம் என்று இன்று பகுப்பதைப் புதியதொரு மேனாட்டு வழக்கமாகக் கருதவேண்டியதில்லை. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூவகையாகப் பகுத்து, இன்ன நிலத்திற்கு இன்ன பொழுது, இன்ன பொழுதிற்கு இன்ன உணர்வு என்று வகுத்த இலக்கணம் நம்முடையது. பாலைக்கு வேனிலும் நண்பகலும் உரியவை. அதன் உரிப்பொருள் பிரிவு. கடும் வெயிலில், நண்பகல் வேளையில், பிரியப்போகும் பேரனோடு முதியவர் செல்லும் இப்பயணம், எடுத்தவர் அறிந்தோ அறியாமலோ, பாலையாகவே அமைந்திருக்கிறது. ஈரச் சாலை நம் கண்ணை உறுத்துவது தொடர்ச்சி பிழைத்தமையால் மட்டுமன்று. பாலையின் பொழுது கலைந்தமையாலும் ஆகும். தொடர்ச்சியும் துறை மரபும் இவ்விடத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன.

உரிப்பொருள் ஒழிந்த ஏனையவை ஒன்றோடொன்று மயங்கலாம் என்பது தொல்காப்பியர் தந்த விலக்கு. இவ்விலக்கு இளைஞர்க்குப் பெரிதும் பயன்படும். துறையின் வெளிப்பண்புகளை மாற்றலாம்; உள்ளுணர்வை மாற்றலாகாது. 1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் பாடலோ நடனமோ இல்லை. தமிழ்ப் படத்தின் கருப்பொருள் என்றே அன்று கருதப்பட்டவற்றை அவர் நீக்கினார். ஆனால் கொன்றவர் யார் என்னும் ஐயத்தை இறுதிவரை நழுவவிடவில்லை. சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்றவர்கள் ஒன்றுகூடி, ஆபாவாணன் தயாரிப்பிலும் அரவிந்தராஜ் இயக்கத்திலும் 1986இல் அளித்த 'ஊமை விழிகள்', மாணவர் முயற்சி என்பதற்காகச் சலுகை கேட்கவில்லை. திகிற்படத்தின் மரபை முழுதும் கற்றுக் கையாண்டது. 2009இல் தொலைக்காட்சியில் தொடங்கிய 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துப் பழகிய கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி ஆகியோர் முறையே 'பீட்சா' (2012), 'சூது கவ்வும்' (2013) ஆகியவற்றைத் தந்தனர். முன்னது பேய்ப்பட மரபையும், பின்னது குற்றப்பட மரபையும் நன்கு அறிந்தமையாலேயே அவற்றோடு விளையாட முடிந்தது.

நம் மாணவர் படத்தின் இறுதி இரண்டு நிமிடங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. துண்டைப் போர்த்தியதோடு முடிந்திருக்க வேண்டிய கதையில், தாத்தா மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து இறக்கிறார். இசை பெருகுகிறது, பேரன் கதறுகிறான். பிரிவுக்கு மாறாகச் சாவு வந்து உரிப்பொருளையே இடம்பெயர்த்துவிடுகிறது. பெரியவர் உயிரோடு பேருந்து நிலையத்தில் நிற்க, பேரன் போவதன்றோ நம் வீடுகளில் நிகழும் துயரம்? குடும்பப் படம் என்றால் இறுதியில் ஒரு சாவு வேண்டும் என்னும் எண்ணம் மரபறிவு ஆகாது. அது வெறும் பழக்கம். மரபு, காரணத்தோடு நிற்பது. பழக்கமோ காரணத்தை மறந்து நிற்பது.

பேச்சின் தொடர்ச்சி

எல்லாவற்றினும் நம்மை வருத்திய குறை ஒன்று உண்டு. படத்தின் முற்பகுதியில் தாத்தா பேசும் தமிழ் நம் தமிழ். பேரனை அவர் 'நாயனா' என்று விளிக்கிறார். நடத்துநரிடம் தெலுங்கில் சீட்டுக் கேட்டுவிட்டு, அதே மூச்சில் பேரனிடம் தமிழில் திரும்புகிறார். பிற்பகுதியில், பேருந்தின் இரைச்சலால் ஒலி கெட்டுப்போக, வேறொருவரைக் கொண்டு குரல் சேர்த்திருக்கின்றனர். அக்குரல் 'கண்ணா' என்கிறது. தொலைக்காட்சித் தமிழ் பேசுகிறது. சட்டையின் பித்தானைக் குறித்துவைத்தவர்கள் ஒரு கிழவரின் விளியைக் குறித்துவைக்கவில்லை. ஏன் என்று வினவியபோது அவர்கள் தந்த விடை, 'நாயனா என்றால் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள்' என்பது.

இவ்விடை எண்ணிப் பார்க்கத்தக்கது. தெலுங்கு கலந்த தமிழ் என்றால் நகைச்சுவைக்குரியது என்பது தமிழ்த்திரையில் நெடுநாளாக நிலவும் ஒரு துறைப்பழக்கம். சித்தூர்ப் பேச்சு என்றால் சிரிப்பு என்பது தெலுங்குத் திரையிலும் உண்டு. இரண்டு பக்கத்துச் சிரிப்புக்கும் அஞ்சி நம் பிள்ளைகள் தம் தாத்தாவின் வாயை மூடிவிட்டனர். தமிழின் முதற் பேசும்படமாகிய, எச். எம். ரெட்டி இயக்கிய 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தபோது, நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் மறுமொழி கூறினார். மக்கள் திரளாகச் சென்று கண்டனர். ரேபல்லெயில் பிறந்து, சித்தூர் நாடக மேடையில் வளர்ந்து, அவ்வூரின் பெயரையே தம் பெயருக்கு முன் சூடிக்கொண்ட சித்தூர் நாகையா, தெலுங்கில் 'போதனா'வாகவும் 'தியாகய்யா'வாகவும் விளங்கியதோடு, தமிழில் 'அசோக்குமார்' (1941), 'மீரா' (1945) ஆகியவற்றிலும் நடித்தார். இரு மொழியும் ஒரு நாவில் வழங்குவது இம்மண்ணுக்கு இழுக்கன்று.

ஆதலின் இளைஞர்க்கு நாம் கூற விரும்புவன சிலவே. படம் எடுக்குமுன் மீள எடுக்க இயலாதது எது என்பதை முதலில் கண்டறியுங்கள். அதைச் சுற்றியே நாட்குறிப்பை வகுத்துக்கொள்ளுங்கள். பயணம் திரையில் எத்திசையில் செல்கிறது என்பதைத் தாளில் வரைந்துவைத்துக்கொள்ளுங்கள். துறையின் மரபைக் கற்றுக்கொண்ட பின்னரே அதை மீறுங்கள். மீறும்போதும் உரிப்பொருளை விட்டுவிடாதீர்கள். குறிப்பேட்டில் உடைக்கு ஒரு பத்தி இருப்பதுபோலப் பேச்சுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். அப்பெரியவர் இன்றும் சித்தூரில் நலமாக இருக்கிறார், தலைமுடியும் வளர்ந்துவிட்டது. இறுதிக் காட்சியை நீக்கி, பிற்பகுதிக்கு அவர் குரலையே மீண்டும் பதிவுசெய்ய மாணவர் இசைந்துள்ளனர். அதற்கு ஒருநாள் போதும். அமைதியான ஓர் அறையும் வேண்டும். அவ்வறையை நம் வீடுகளுள் ஒன்று தருதல் கடன். அவர் நம்மிடையே இருக்கும்போதே அக்குரல் பதிவாகட்டும். மாணவர் முயற்சி வளர்க!