மைக்கேல் வில்சன்: பெயர் மறைக்கப்பட்ட திரைக்கதையாசிரியர்

ஒரு நூலை இயற்றியவர் யாவர் என்னும் வினாவிற்கு அதன் முகப்பில் உள்ள பெயர் மட்டும் சான்றாகாது; அகச்சான்றும் ஆராயப்பட வேண்டும். அமெரிக்கத் திரைக்கதையாசிரியர் மைக்கேல் வில்சனின் வாழ்க்கை இதனை நன்கு விளக்கும்.

1951-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு, பொதுவுடைமைக் கட்சித் தொடர்பு பற்றி அவரை வினவிற்று. அவர் அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்தைக் காட்டி விடையிறுக்க மறுத்தார். மறு ஆண்டில் 'எ பிளேஸ் இன் தி சன்' திரைக்கதைக்கு ஆஸ்கார் பரிசு நல்கிய ஹாலிவுட்டே அவரைக் கரும்பட்டியலிற் சேர்த்தது. பின்னர்ப் பிரான்சில் குடியேறி எழுதலானார். 1956-இல் வெளிவந்த 'ஃபிரெண்ட்லி பர்சுவேஷன்' படத்தில் திரைக்கதையாசிரியர் பெயரே இல்லை. படம் தானே தோன்றியது போலும்!

எம் ஆய்வுக்குச் சிறந்த சான்று 1957-இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' ஆகும். பிரெஞ்சு நாவலாசிரியர் பியேர் பூலே இயற்றிய கதையைக் கார்ல் ஃபோர்மன் முதலிலும் வில்சன் அதன்பின்னும் திரைக்கதையாக்கினர். இருவரும் கரும்பட்டியலில் இருந்தமையால் திரையில் பூலேயின் பெயரே பொறிக்கப்பட்டது. தழுவல் திரைக்கதைக்கான பரிசும் 1958-இல் அவருக்கே சென்றது. அவரோ ஆங்கிலத்தில் எழுதாதவர்.

முதல்நூலொடு படத்தை ஒப்புநோக்கின் உண்மை புலனாகும். நாவலில் பாலம் தகர்வதில்லை. கர்னல் நிக்கல்சன் தம் பிழையை உணர்வதுமில்லை. படத்தில் இரண்டும் நிகழ்கின்றன. பகைவர்க்குத் துணைபோன கடமையுணர்ச்சி, இறுதிக் கணத்தில் தன்னைத் தானே கண்டு திடுக்கிடுகிறது. இம்மாற்றமே திரைக்கதையின் உயிர். நாவலாசிரியர் எழுதாத இப்பகுதியின் சிறப்புக்கும் அவரே பரிசு பெற்றார் என்பது நகைப்பிற்குரியது. எப்பகுதி ஃபோர்மனுடையது, எப்பகுதி வில்சனுடையது எனப் பிரித்தறிதல் எளிதன்று. யாம் அதனைத் துணிந்து கூறோம்.

ஒரு குறையையும் சுட்டல் வேண்டும். சயாம்-பர்மா இருப்புப்பாதைப் பணியில், மேலைநாட்டுப் போர்க்கைதிகளினும் மிகப் பலராக மாண்டவர் மலாயாத் தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர். அவர் இக்கதையில் இடம்பெறவில்லை. முதல்நூலின் நோக்கு போர்க்கைதிகளைப் பற்றியது என்பது அமைதி கூறப் போதாது. முடிவையே மாற்றியவர்க்கு இதனையும் மாற்றுதல் இயலாததன்று. 1954-இல் வெளிவந்த 'சால்ட் ஆஃப் தி எர்த்' படத்தில் மெக்சிக மரபினரான சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை எழுதிய வில்சனிடம் இக்குறை மிகுதியும் உறுத்துகிறது.

வில்சன் 1978-இல் மறைந்தார். 1984-இல்தான் அப்பரிசு அவர்க்கும் ஃபோர்மனுக்கும் உரியதென ஏற்கப்பட்டது. ஃபோர்மனும் அவ்வாண்டே காலமானார். பரிசினை இருவர்தம் மனைவியரே பெற்றுக்கொண்டனர்.