புனிற்று நாளும் தாயின் துயிலும்

புனிறு என்பது பழந்தமிழ்ச் சொல். ஈன்ற அணிமையை அது குறிக்கும் எனத் தொல்காப்பிய உரியியல் பொருள் வரையறுக்கிறது. ஈன்று சில நாளே ஆன பசுவைப் புனிற்றா என்றனர் சான்றோர். ஈன்றவளுக்கென ஒரு காலத்தையும், அக்காலத்துக்கென ஒரு சொல்லையும் வகுத்த மொழி தமிழ். பிற்கால இலக்கியத்தில் அக்காலம் எங்கே போயிற்று?

பிள்ளைத்தமிழை எடுத்துக் கொள்க. பாட்டியல் மரபு காப்புப் பருவத்தை மூன்றாம் திங்களில் தொடங்குகிறது. பின்னர் வருவன யாவும் குழவியின் ஆடலும் நடையுமே. முதல் இரு திங்கள், தாயின் உடலும் உள்ளமும் நலிந்திருக்கும் நாட்கள், அந்நூல்வகையின் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டன. தாலாட்டிலும் துயில வேண்டுவது குழந்தையே. பாடுகின்றவள் துயின்றாளா என்று கேட்பார் இலர்.

இக்குறையை ஈடு செய்வது கோண்மா நெடுங்கோட்டனார் பாடிய நற்றிணை 40ஆம் பாட்டு. மனையில் மணி ஒலிக்கிறது; மணல் பரப்பிய பந்தரில் பாணர் காவல் இருக்கின்றனர்; மெல்லணையில் செவிலியோடு புதல்வன் துயில்கிறான். நெய்யாடி வெண்சிறுகடுகு அணிந்த தாயும் இமை பொருந்த உறங்குகிறாள். நள்ளிரவில் தலைவன் கள்வனைப் போல் வருகிறான். இதனை மருதத்துப் பரத்தையின் எள்ளலாக மட்டும் விளக்கி அமைவாருண்டு. கூற்று பரத்தையினுடையது என்பது மெய்யே. ஆயினும் பாட்டின் நடுவிடத்தில் இருப்பது தாயின் துயில். குழவியைப் பிறிதொருத்தி தாங்குவதாலேயே அவள் கண்ணயர்கிறாள். தலைவனும் ஓசையின்றி வருகிறான். அவள் பெற்ற இச்சிறப்பை அவளிடம் அன்பில்லாத ஒருத்தியே ஒப்புக்கொள்வது, அதன் உறுதிக்குச் சான்றாகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இக்காட்சிக்கு அணுக்கமாக நிற்பது சீனர் வழக்கம். தென்சீனத்திலிருந்து குடியேறியோர் கோலாலம்பூருக்குக் காண்டனீசு மொழியையும், கிள்ளானுக்கு ஹொக்கியன் மொழியையும் கொணர்ந்தபோதே, 'மாதம் இருத்தல்' என்னும் முறையையும் உடன் கொணர்ந்தனர். ஏறத்தாழ 30 நாள் தாய் மனையகத்தே இருப்பாள். இஞ்சியும் எள்ளெண்ணெயும் அரிசி மதுவும் சேர்த்துச் சமைத்த கோழி அவளுக்கு உணவு. குளிர்ந்த நீரும் காற்றும் விலக்கு. 'புய் யூட்' எனக் காண்டனீசில் வழங்கும் துணைப்பெண் குழந்தையைப் பேணுவாள். மாதம் நிறைந்ததும் உறவினர்க்குச் சிவப்பு முட்டை வழங்குவர். மலாய்க்காரரின் பந்தாங்கும், தமிழரின் பத்தியமும் இதற்கு உடன்பிறந்தவை.

1978இல் பார்பரா பில்ஸ்பரி என்னும் மானிடவியல் அறிஞர் இச்சீன முறையை ஆராய்ந்து, இத்துணைக் கவனிப்பு தாயை மனச்சோர்விலிருந்து காக்கக்கூடும் என்ற கருத்தை முன்வைத்தார். அது பாதி உண்மையே. 1987இல் வெளிவந்த எடின்பரோ அளவுகோல், தாயிடம் 10 வினாக்களைக் கேட்கிறது. அதன் சீன வடிவம் 1998இல் ஹாங்காங்கில் சரிபார்க்கப்பட்டது. கேட்டபோது நோயும் வெளிப்பட்டது. 2004இல் வெளியான ஹாங்காங் ஆய்வொன்று, துணையிருத்தல் தாயைக் காப்பதையும், மாமியாருடன் நேரும் பூசல் நோய்க்கு இடம் தருவதையும் ஒருங்கே காட்டியது. ஆகவே அடைபட்ட அறை தன்னளவில் மருந்தாகாது. அறையில் உடனிருப்பவர் யார் என்பதே கேள்வி. மேலும், மாதத்தில் அழுதால் கண் கெடும் என்பதும் அம்முறையின் ஒரு நம்பிக்கை. உடலைக் காக்க எழுந்த விதி, உள்ளத்தின் நோயை மறைக்கவும் கூடும்.

குடியேறியவளுக்கு இச்சுமை இருமடங்கு. தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணோ குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் பால்மரத்துக்குத் திரும்பினாள். நற்றிணைத் தாய்க்கு வாய்த்த செவிலியும் காவலும் அவளுக்கு வாய்த்தில.

உலகில் அண்மையில் பேறு கண்ட பெண்டிருள் ஏறத்தாழ 100க்கு 13 பேர் மனநோயுறுகின்றனர் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அவற்றுள் பெரும்பான்மை மனச்சோர்வே. பேற்றுக்குப்பின் சில நாளில் தோன்றும் கண்ணீர் இரு வாரத்துக்குள் தணிவது இயல்பு. தணியாவிடின் அது நோய். மருத்துவத்தால் தீரும் நோய். மலேசியச் சட்டம் 2023 சனவரி 1 முதல் பேறுகால விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது; தந்தைக்கும் 7 நாள் தந்தது. நாளைச் சட்டம் தரலாம். துயிலை மனையே தர வேண்டும்.

நற்றிணை 40ஐக் கற்பிக்கும் ஆசிரியர், தலைவன் ஏன் கள்வனாய் வந்தான் என்று வினவுவதோடு அமையற்க. அத்தாயை உறங்கவிட்டவர் யாவர் என்றும் வினவுக. விடை கூறும் மாணவி, தன் வீட்டில் பேறு கண்டிருக்கும் அக்காளை அன்று மாலை வேறு கண்ணோடு நோக்குவாள்.