சேர்த்த பணமும் முற்பணமும்

பண்டிகைக் காலத்தில் சிக்கனமாக வாங்குவது எப்படி என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்: எந்தக் கடையில் எவ்வளவு தள்ளுபடி, எந்த வங்கி அட்டைக்கு எவ்வளவு கழிவு. தமிழ்நாட்டையும் இலங்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கடை வாசலை மிதிப்பதற்கு முன்பே பாதி விஷயம் முடிவாகிவிடுவது தெரியும். கையிலிருக்கும் பணம் சேர்த்ததா, கடனா? அது எப்போது கைக்கு வந்தது? மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தமிழ்நாட்டில் ஒரு தீபாவளி முடிந்த கையோடு அடுத்த தீபாவளிக்குச் சீட்டுக் கட்டத் தொடங்கிவிடுகிற குடும்பங்கள் ஏராளம். பலகாரச் சீட்டு, பட்டாசுச் சீட்டு, பாத்திரச் சீட்டு என்று தெருவுக்குத் தெரு நடக்கும். பெரும்பாலும் பெண்கள் நடத்துவது, பெண்கள் கட்டுவது. இதையே ஒழுங்கான வடிவில் செய்வது 1935இல் தொடங்கிய, கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ். அதன் கனவு நனவுத் திட்டத்தில் பத்து மாதம் தவணை கட்டினால், பதினொன்றாம், பன்னிரண்டாம் மாதத் தவணைகளை நிறுவனமே போடும். கணக்கைப் பாருங்கள்: மாதம் 500 ரூபாய் வீதம் 5,000 கட்டியவருக்கு 6,000 ரூபாய்க்குத் துணி. 30 விழுக்காடு தள்ளுபடி உள்ள ரகமாக எடுத்தால், விலைச்சீட்டில் ஏறக்குறைய 8,500 ரூபாய் போட்டிருக்கும் துணி வீட்டுக்கு வந்துவிடும். எந்தப் பெரிய ஜவுளிக்கடையின் விளம்பரமும் இதற்கு ஈடாகாது. நெய்தவருக்கும் அதில் வேலை கிடைக்கிறது.

இதற்கு மேல் போனஸ் வருகிறது. சட்டப்படி அது குறைந்தது 8.33 விழுக்காடு, அதிகபட்சம் 20. மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனத்துக்கு, எட்டு மாதத்துக்குள் தர வேண்டும் என்ற கெடு நவம்பர் இறுதியில் முடியும். தீபாவளி அதற்குள் வந்துவிடுவதால் போனஸ் என்றாலே தீபாவளி என்றாகிவிட்டது.

பணம் முன்கூட்டியே இருப்பவருக்கு மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடைக்கிறது. ஆடித் தள்ளுபடியின் பொருளே அதுதான். ஆடியில் கல்யாணம் இல்லை. விதைப்புக் காலத்தில் விவசாயி கையில் காசும் இல்லை. கடைக்காரர் தேங்கிய சரக்கைத் தள்ளிவிட்டுத் தீபாவளிச் சரக்குக்கு இடம் செய்ய வேண்டும். போர்வை, வேட்டி, லுங்கி, துண்டு, எவர்சில்வர் பாத்திரம் போன்ற, ஆண்டுக்கு ஆண்டு மாறாத பொருள்களை ஆடியில் எடுப்பது நல்ல கணக்கு. புது மோஸ்தர்ச் சுடிதாரை அப்போது தேடுவது வீண். சென்னை ரங்கநாதன் தெருவில் தொங்கும் ‘50 விழுக்காடு வரை’ என்ற பலகையில் ‘வரை’ என்ற சொல்லைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இலங்கையிலும் சீட்டு உண்டு. ஆனால் அரசு ஊழியரும் தோட்டத் தொழிலாளியும் பண்டிகையைப் பெரும்பாலும் முற்பணத்தை நம்பியே கொண்டாடுகிறார்கள். வட்டியில்லாமல் முன்கூட்டித் தந்து, பிறகு மாதச் சம்பளத்தில் சிறிது சிறிதாகக் கழிக்கும் பணம் அது. ஒருவகையில் இது மிக நல்ல ஏற்பாடு. இந்தியாவில் ‘வட்டியில்லாத் தவணை’ என்று விற்கப்படுவதில் வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்பதை ரிசர்வ் வங்கியே 2013இல் சுட்டிக்காட்டியது. முற்பணத்தில் அப்படி ஒளிவு மறைவு இல்லை.

அதன் குறை காலம்தான். தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்தில் ஐப்பசி பிறந்தால், தீபாவளி முற்பணம் எவ்வளவு, எப்போது என்ற பேச்சே தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் நிறைந்திருக்கும். பண்டிகைக்குச் சில நாள் முன்னர் பணம் கைக்கு வந்தால், எல்லாத் தோட்டங்களிலிருந்தும் சனம் ஒரே நேரத்தில் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இறங்கும். விலை உச்சத்தில் நிற்கும் நாளில், பேரம் பேச நேரமில்லாமல், பிள்ளைக்கு அளவான உடுப்பு கிடைத்தால் போதும் என்று எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். 2024இல்தான் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. இத்தகைய சம்பளத்தில் மாதாமாதம் முற்பணம் கழிபடும்போது, அடுத்த பண்டிகைக்கென்று ஒதுக்க என்ன மிஞ்சும்? சிக்கனம் தெரியாதவர்கள் என்று இவர்களைச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. சிக்கனத்தின் முதல் கருவி காலம். அது இவர்கள் கையில் கொடுக்கப்படவில்லை.

கொழும்பில் நிலைமை வேறு. அங்கே பெரிய வியாபாரம் சித்திரைப் புத்தாண்டுக்கும் டிசம்பருக்கும். புறக்கோட்டை நடைபாதைக் கடைகளில் விலை பேசி வாங்கலாம். சுப்பர் மார்க்கெட்டில் குறிப்பிட்ட வங்கி அட்டைக்குக் குறிப்பிட்ட நாளில் கழிவு. பஞ்சாங்கம் புத்தாண்டு ஆடைக்கு நிறமும் சொல்வதால், அந்த நிறத்துக்கு ஊர் முழுக்கக் கேள்வி எழும். கரையில் அந்த நிறம் இருந்தாலே போதும் என்று பழைய சேலையை எடுத்துக் கட்டும் அம்மாக்களிடம் நாம் கற்க நிறைய இருக்கிறது.

சேமிப்பே எப்போதும் சரி என்றும் சொல்லிவிட முடியாது. 2022 செப்டெம்பரில் இலங்கையின் பணவீக்கம் 70 விழுக்காட்டை ஒட்டி நின்றது. ஓராண்டுக்கு முன்பே பணமாகச் சேர்த்து வைத்தவருக்குப் பண்டிகை வரும்போது பாதிக்குச் சற்று மேலான பொருள்தான் கிடைத்திருக்கும். அரிசியும் சீனியும் துணியும் முன்கூட்டியே வாங்கி வைத்தவர் தப்பினார். விலை ஓரளவு நிலையாக இருக்கும் நாட்டில்தான் பத்து மாதச் சீட்டு பலன் தரும்.

தமிழ்நாட்டுப் பழக்கத்துக்கும் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. 2014 அக்டோபரில் பிளிப்கார்ட் தன் பெரிய விற்பனைத் திருவிழாவைத் தொடங்கிய பிறகு, போனஸ் வரும் முன்பே தவணையில் வாங்கும் வழக்கம் பரவிவிட்டது. சேர்த்து வாங்கியவர்கள் வாங்கிவிட்டுக் கட்டுகிறார்கள். தெருச் சீட்டுகளிலும் பதிவில்லாத நிறுவனங்கள் நுழைந்து, ஊர் ஊராக வசூலித்துவிட்டு மறைந்துபோன கதைகள் ஒவ்வொரு தீபாவளியிலும் செய்தியாகின்றன. ரசீதும் பதிவும் இல்லாத இடத்தில், எவ்வளவு நெருங்கியவர் சொன்னாலும் கட்டாதீர்கள்.

வாங்கிய பொருளில் பழுது இருந்தால் இரு நாட்டிலும் கேட்க இடமுண்டு. பில்லில் காலவரம்பு எதுவும் இல்லையென்றால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதை இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் முறையற்ற வணிகமாகக் கருதுகிறது, புகாருக்கு 1915. இலங்கையில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் எண் 1977. இரண்டுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும்.

இந்த இரண்டு முறைகளும் ஒன்றிடமிருந்து ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. வட்டியில்லா முற்பணம் தமிழ்நாட்டின் சிறு நிறுவனத் தொழிலாளர்களுக்கும் கிடைத்தால் தவணை அட்டைகளின் பிடி தளரும். மலையகத்தில் தோட்ட நிர்வாகங்கள் தீபாவளி முற்பணத்தைப் புரட்டாசித் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் தொகையைப் பேசுவதோடு தேதியையும் பேச வேண்டும். நிர்வாகத்துக்கு இதனால் ஒரு ரூபாகூடக் கூடுதல் செலவு இல்லை. தொழிலாளிக்கு ஒரு மாதம் கிடைக்கும்.