சதுப்பில் அமிழும் கார்

குருதியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாம், கொலைக் கதையை மட்டும் இரவு நெடுநேரம் விழித்திருந்து படிக்கிறோம். அதிலும், கொலையாளியின் இருண்ட மனத்துக்குள் நம்மை அழைத்துச் சென்று, முடிவில் எதிர்பாராத திருப்பமொன்றால் திகைக்க வைக்கும் கதைகளுக்குத் தனி ஈர்ப்பு உண்டு. புதிரை விடுவிக்கும் இன்பமே இதற்குக் காரணம் என்பர் சிலர். ஆபத்தின்றி அஞ்சிப் பார்க்கும் ஆவல் என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையே. ஆயின், புதிர் மட்டுமே வேண்டுமெனில் குறுக்கெழுத்துப் போட்டி போதுமே! இக்கதைகள் நம்மை ஈர்ப்பதற்கு இன்னும் ஆழமான காரணம் இருத்தல் வேண்டும்.

ஆல்பிரட் ஹிட்ச்காக் 1960-இல் இயக்கி வெளியிட்ட 'சைக்கோ' திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். இராபர்ட் பிளாக் 1959-இல் எழுதிய நாவலே இதற்கு மூலம். மேரியன் என்னும் இளம்பெண், வங்கியில் செலுத்துமாறு முதலாளி ஒப்படைத்த 40,000 டாலருடன் ஊரைவிட்டு ஓடுகிறாள். அவள் செய்தது திருட்டு என்பது நமக்குத் தெரியும். எனினும், வழியில் காவலர் ஒருவர் அவளை வினவும்போது, அவள் தப்பிவிட வேண்டுமே என்று நம் நெஞ்சு துடிக்கிறது. இரவில் தனித்ததொரு விடுதியில் தங்குகிறாள். விடுதியை நடத்தும் நார்மனுடன் பேசியபின், திரும்பிச் சென்று தவற்றைச் சரிசெய்ய முடிவெடுக்கிறாள். மனம் திரும்பிய அந்த இரவிலேயே குளியலறையில் கொல்லப்படுகிறாள். படம் பாதியை எட்டுமுன்பே கதைத்தலைவி மறைந்துவிடுகிறாள்.

இனி யாரைப் பற்றிக்கொள்வது? நம் மனம் உடனே நார்மனைப் பற்றிக்கொள்கிறது. தாயின் குற்றத்தை மறைக்கத் துடிக்கும் மகன் என அவனை நம்பி இரங்குகிறோம். அவன் குளியலறையைக் கழுவுகிறான். உடலைக் காரின் பின்பகுதியில் வைத்து, காரைச் சதுப்பு நிலத்துக்குள் தள்ளுகிறான். கார் அமிழ்கிறது; இடையில் நின்றுவிடுகிறது. அந்தச் சில நொடிகள், 'முழுதும் அமிழ்ந்துவிடக் கூடாதா?' என்று நாமும் மூச்சடக்கிக் காத்திருக்கிறோம். அமிழ்ந்ததும் ஆறுதல் கொள்கிறோம். சற்றுமுன் எவளுக்காகத் துடித்தோமோ அவளது உடல் அதனுள்ளே இருக்கிறது! உண்மைக் கொலையாளி யார் என்பது படத்தின் இறுதியில்தான் வெளிப்படுகிறது. நம் இரக்கம் எவ்வளவு எளிதில் இடம் மாறும் என்பதோ இந்தச் சதுப்பின் கரையிலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

அகதா கிறிஸ்டி 1926-இல் வெளியிட்ட 'ரோஜர் அக்ராய்டின் கொலை' இதையே வேறு வழியில் செய்கிறது. கதையைச் சொல்பவர் ஓர் ஊர் மருத்துவர், அமைதியானவர், துப்பறிபவருக்குத் துணை நிற்பவர். முடிவில் அவரே கொலையாளி எனத் தெரிகிறது. இது வாசகரை ஏமாற்றும் வேலை எனக் குறை கூறியோர் உண்டு. ஆனால் நூலை மீண்டும் படித்தால், அவர் சில நிமிடங்களை மட்டும் சொல்லாமல் கடந்து சென்றிருப்பது புலனாகும். மதிப்புள்ள தொழிலையும் பணிவான பேச்சையும் கண்டு அவருக்கு நற்சான்று வழங்கியவர்கள் நாமே. குற்றத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை ஒழுங்காகச் சொல்வது நமக்கும் புதிதன்று.

எல்லாக் கதைகளும் இத்தகையன அல்ல. இறந்தவர் யார், அவருக்காக அழுபவர் யார் என்ற நினைவின்றி உடல்களை அடுக்கிச் செல்லும் நூல்கள் பல. மற்றொரு குறை, விளங்காத கொடுமைக்கெல்லாம் மனநோய் எனப் பெயரிடுவது. 'சைக்கோ'வும் இதற்கு விலக்கன்று. இறுதியில் மனநல மருத்துவர் ஒருவர் நார்மனின் நிலையை நீளமாக விளக்குகிறார். 'அவன் நோயாளி, நாம் நலமாக இருக்கிறோம்' என்று எண்ணி நாம் ஆறுதல் அடைய அது வழி செய்கிறது. உண்மையில், மனநோயால் வாடுவோருள் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்யாதவர்; பிறரது கொடுமைக்கு ஆளாவோரும் அவருள் பலர். அவர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் ஊர் அஞ்சி ஒதுக்குவதற்கு இத்தகைய கதைகளும் துணைபோகின்றன.

இவ்விடத்தில், ஜி. கே. செஸ்டர்டன் படைத்த பிரவுன் அடிகளாரை நினைவுகூர்வது நலம். ஒப்புரவு அருட்சாதனத்தில் மனிதரின் குற்றங்களைக் கேட்டுப் பழகியவர் இந்தக் குருவானவர். 1927-இல் வெளிவந்த தொகுப்பில், தாம் துப்பறியும் முறையின் இரகசியத்தைக் கூறுகிறார்: அக்கொலைகளைச் செய்தவர் தாமே என்கிறார்! கேட்டவர் திகைக்கிறார். கொலையாளியின் நெஞ்சத்துக்குள் புகுந்து, அதே வெறுப்பைத் தம்முள் உணரும்வரை சென்றதையே அவ்வாறு கூறினார் என்பது பின்னர் விளங்குகிறது. குற்றவாளியை ஏதோ பூச்சியைப்போல் தொலைவில் வைத்து ஆராய அவர் உடன்படுவதில்லை.

நல்லதொரு குற்றக் கதை இந்தப் பயிற்சியையே நமக்குத் தருகிறது. ஆகவே, நூலை மூடியபின் 'எவ்வாறு ஏமாந்தோம்?' என்று வியப்பதோடு நில்லாமல், 'யாருடைய தீமை வெல்ல வேண்டுமென விரும்பினோம்? ஏன்?' என்றும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். 'சைக்கோ'வின் கடைசிக் காட்சியில் அந்தக் கார் சங்கிலியால் இழுக்கப்பட்டு வெளியே வருகிறது. அது அமிழ வேண்டுமென்று விரும்பியவர்களுள் நாமும் இருந்தோம் என்பதை மறவாதிருப்பது, பிறரைத் தீர்ப்பிடும்முன் நமக்குத் தேவையான அறிவு.