மணிப்பிரவாளம்: கலப்பா, யோகமா?

திருவனந்தபுரத்தைப் பாடும் அனந்தபுரவர்ணனம் முதலிய மணிப்பிரவாள நூல்களைக் 'கலப்பு நடை' என்று கூறிக் கடந்துவிடுவது தமிழாய்வில் காணப்படும் வழக்கம். இலக்கண நூல்களின் நோக்கு இதனினும் நுண்ணியது. 11ஆம் நூற்றாண்டு வீரசோழியம் எழுத்துகள் கலப்பதை விரவியல் என்றும், சொற்கள் கலப்பதை மணிப்பிரவாளம் என்றும் பிரிக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் எழுந்த லீலாதிலகம் 'யோகம்' என்னும் சொல்லை ஆள்கிறது. வடசொல் தமிழுருப் பெறாது தன் வடமொழி ஈற்றோடு நிற்றல் வேண்டும். எனினும் தனித்துத் துருத்தலாகாது. மாணிக்கமும் பவளமும் செந்நிறத்தன ஆதலின், ஓரிழையில் கோத்தபோது வேறுபாடு தோன்றாது என்பது அதன் விளக்கம். இருசொல்லும் திரியாது சேரும் தமிழின் இயல்புப் புணர்ச்சி இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஆகவே, வடசொற்களை எண்ணிக் கணக்கிடும் திறனாய்வினும், இழை புலப்படுகின்றதா என நோக்கும் திறனாய்வே இந்நூல்களுக்குப் பொருந்தும் எனலாம்.