ஆச்சியின் அம்மை எங்கே?

பேத்தி கைப்படச் செய்து கொடுத்த பரிசுக்கு விமர்சனம் எழுதலாமா? பாவம், சின்னப் பிள்ளை, விட்டுவிடுங்கள் என்பீர்கள். ஆனால் அட்டை போட்டு, பக்கம் எண் போட்டு என் மடியில் வைத்துவிட்டால் அது புத்தகம்தானே?

பூதப்பாண்டிப் பக்கம் சொந்தக்கார ஆச்சி ஒருத்தி. வயது தொண்ணூறு. பெங்களூரில் வேலைபார்க்கும் பேத்தி, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வெட்டி ஒட்டி ஒரு நினைவுப் புத்தகம் செய்துகொண்டு வந்திருந்தாள். பழுப்பேறிய கல்யாணப் படம், பாட்டா சைக்கிளோடு நிற்கும் படம், நடுவில் இரண்டு பக்கத்துக்கு விரியும் குடும்ப மரம். வேரில் பாட்டாவின் தாத்தா. கிளையெல்லாம் ஆண்மக்கள். பார்த்தவர்களுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

எழுத்தெல்லாம் ஆங்கிலம். ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்து முகங்களைத் தேடினாள்.

“எங்க அம்மைய எங்க மக்கா?”

இல்லை. ஆச்சியே பாட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்துக்குள்தான் இருந்தாள்.

பேத்தியைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்குக் கம்ப்யூட்டரில் கிடைத்த மரம் தகப்பன் வழியில்தான் வளர்ந்தது. வேறு ஊரில் அது ஒப்பேறிவிடும். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்த நாஞ்சில் நாட்டில் ஒப்பேறாது. இங்கே வெள்ளாளர் வீடுகளில் நெடுங்காலம் மருமக்கள்வழி. மாமன் சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்கு. பெற்ற பிள்ளைகளுக்குத் தகப்பன் சொத்திலிருந்து கிடைத்த பங்குக்குப் பெயரே ‘உகந்துடைமை’. சொந்தப் பிள்ளைக்குக் கொடுப்பதே ஏதோ அன்பளிப்புக் கணக்கில்!

இந்த முறையின் கொடுமையைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை கிழி கிழி என்று கிழித்திருக்கிறார். 1917இல் ‘தமிழன்’ பத்திரிகையில் வரத் தொடங்கிய அவருடைய ‘மருமக்கள்வழி மான்மியம்’ முழுக்க, ஒருவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்டவளின் புலம்பல். சிரிக்கச் சிரிக்க எழுதி அழவைத்துவிடுவார். 1926இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டு மக்கள்வழிக்கு மாற்றியது. ஒழிந்தது நல்லதுதான், எனக்கு அதில் வருத்தமே கிடையாது.

ஆனால் சட்டம் போட்டால் பாசமும் மாறிவிடுமா? ஆச்சி பிறந்தது கொல்லம் 1111இல். சட்டம் வந்து பத்து வருஷம் கழித்து. அவளைத் தோளில் தூக்கி வளர்த்தது தகப்பனார் அல்ல, தாய்வீட்டுப் பெரிய மாமா. காலுக்கு முதல் கொலுசு அவர் வாங்கிப் போட்டதுதான். மரத்தில் அவருக்கு ஒரு இலைகூட இல்லை.

தேதிகளும் அப்படித்தான். ஆச்சி கல்யாணம் நடந்தது “கும்பப்பூ அறுப்பு முடிஞ்ச கையோட.” மாசி என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். புத்தகத்தில் இருப்பது ஏப்ரல், ஜூன், ஒரு வருஷம். தேதி சரிதான், யாரோ ரிக்கார்டைப் பார்த்து எழுதியது. ஆச்சியிடம் கேட்டு எழுதியது இல்லை.

கேட்டு எழுதியது ஒரே ஒரு பக்கம். கடைசியில், கோணல்மாணலான தமிழில் உள்ளித் தீயல். போனில் ஆச்சி சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். “தேங்காயச் சிவக்க வறு. கருகிச்சுன்னா தூரப் போடு, பாட்டா தட்டத் தள்ளிருவா.” அந்த முன்கோபக்காரப் பாட்டாவை, சைக்கிள் படத்தில் நான் காணவேயில்லை. மற்ற முப்பது பக்கத்தையும் கொடுத்துவிட்டு இந்த ஒரு பக்கத்தை வாங்கிக்கொள்வேன். ஆச்சியும் இதைத்தான் மூன்று தடவை சத்தமாக வாசித்தாள். வாசித்துவிட்டுச் சண்டைக்கும் வந்தாள்: “மல்லி எவ்வளவுன்னு எழுதலியே, நான் சொன்னேனே!”

பேத்தி பென்சில் எடுத்து மல்லியைச் சேர்த்தாள். அப்புறம் மெதுவாக, “பெரிய மாமா பேரு என்ன ஆச்சி?” என்றாள்.

நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, குடும்ப மரத்தின் பின்பக்க வெள்ளைத்தாளில் ஐந்து பெயர் ஏறியிருந்தது. ஆச்சி அம்மையின் பெயர் மேலே. சின்ன மாமாவின் வீட்டுக்காரி பெயர் மட்டும் ஞாபகத்துக்கு வராமல், ஆச்சி நெற்றியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.