பெட்டி நான்கு, மருந்து ஒன்று

மருந்துப் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதையும் ஆராய்ந்துதான் படிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ‘நூரோஃபென்’ என்ற பெயரில் நான்கு தனித்தனி மாத்திரைகள் விற்கப்பட்டன: முதுகுவலிக்கு ஒன்று, மாதவிடாய் வலிக்கு ஒன்று, ஒற்றைத் தலைவலிக்கு ஒன்று, மன இறுக்கத்தால் வரும் தலைவலிக்கு ஒன்று. விலையோ, அதே கம்பெனியின் சாதாரண மாத்திரையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. உள்ளே இருந்தது என்ன? நான்கிலும் ஒரே ஐபுபுரோஃபென் லைசின்; ஒரே அளவு, 342 மில்லிகிராம்.

நான் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். ஆயினும் இதிலுள்ள பிழையைக் காண மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. விழுங்கிய மருந்து இரத்தத்தில் கலக்கிறது; இரத்தமோ உடல் முழுவதும் ஓடுகிறது. முதுகுக்கு மட்டும் போ என்று மருந்துக்கு முகவரி எழுதி அனுப்ப முடியுமா? வலியை மிகுவிக்கும் புராஸ்டகிளாண்டின்கள் உண்டாவதை அது எங்கும் குறைக்கிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகளின் இச்செயலை 1971இல் கண்டு கூறிய ஜான் வேன், 1982இல் நோபல் பரிசு பெற்றார். இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் இதே புராஸ்டகிளாண்டின்களே. எனவேதான் மருந்து மிகுந்தால் வயிற்றுப்புண், இரத்தக் கசிவு.

இப்போது சிந்தியுங்கள். முதுகுவலியும் தலைவலியும் சேர்ந்து வந்த ஒருவர், பெட்டியை நம்பி இரண்டையும் விழுங்கினால்? இரட்டை அளவு! நஷ்டம் பணத்தோடு நிற்காது.

இப்பெட்டிகள் மக்களைத் தவறாக எண்ணச் செய்தன என்று 2015இல் அந்நாட்டு நீதிமன்றம் கூறியது. 2016இல் அபராதம் 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தப்பட்டது.

மருந்தின்மேல் குறையில்லை, பெட்டிமேல் எழுதிய சொல்லின்மேல்தான் குறை. அடுத்த முறை மாத்திரை வாங்கும்போது, சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் முதலில் படியுங்கள்.